கதவோரப் பள்ளம்

மார்ச் 4

அண்ணனுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் முட்டிக்கொள்கிறது. அதனால்தான் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பார்த்துக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அவ்வளவுதான்.

அப்பா நேற்று மறுபடியும் கிளம்பிப் போய்விட்டார். பல் கிளினிக்கில் டாக்டர் ஒரு நோயாளிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கீழ்வீட்டுத் தையல்கார அக்கா போன் செய்தார். "உங்கப்பா யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு இறங்கிப் போறாரும்மா. எங்கன்னு கேட்டா, காலை டூட்டி, லேட்டாயிடுச்சுங்கறார்." கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

எங்கே இருந்தார் தெரியுமா? பஸ் டிப்போவில். நிறுத்தி வைத்திருந்த ஒரு வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலி பஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, "படியில தொங்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார். டிப்போ ஆட்கள் தங்கமானவர்கள். "ரிட்டயர் ஆனாலும் எங்க சீனியர்தானேம்மா" என்று டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். ஆனால் நடுவில் அந்தப் பெரிய சிக்னலை எப்படித் தாண்டினார் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

பூட்டிவிட்டுப் போ என்பாய். பூட்டியும் பார்த்தாயிற்று. கதவை அறைந்து அறைந்து அவருக்கு உள்ளங்கை வீங்கிவிட்டது. "வண்டி எடுக்கணும், திறங்கடா!" என்று அவர் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது. மேல்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. பெற்ற அப்பனை அடைத்து வைத்து அடிக்கிறவள் என்று நினைத்துவிட்டார் போல.

நீ வா. ஒரு மாதம் இரு. நீ பெயிண்ட் அடிக்கிற பணக்காரர் வீட்டுச் சுவரெல்லாம் ஒரு மாதம் கறுப்பாகாமல் கிடந்தால் குடி முழுகிப் போய்விடாது. அம்மா போனபோது வந்தவன், அதற்கப்புறம் இந்த வாசற்படியை மிதிக்கவில்லை. எனக்கு முடியவில்லை அண்ணா. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே என் ஆயுள் பாதி போய்விட்டது.

உன் தங்கை


மார்ச் 11

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் இப்போது வர முடியாது என்றுதான் எழுதப் போகிறேன். நன்றாகத் திட்டிக்கொள், தப்பில்லை.

ஒரு வக்கீலின் வீடு மொத்தமாக என் கையில் இருக்கிறது. படிப்பறைக்குக் கரும்பச்சை, படுக்கையறைக்கு மை நீலம், சாப்பிடும் அறைக்குக் கரி நிறம். பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் வக்கீலின் மனைவி கண் கலங்கிவிட்டார். "குகைக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்குமே தம்பி" என்றார். அடித்து முடித்து, உச்சி விளக்கை அணைத்துவிட்டு, தாழ்வாக ஆங்காங்கே மஞ்சள் விளக்கு வைத்துக் கூப்பிட்டுக் காட்டினேன். அறையின் மூலை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அந்த அம்மா கையை நீட்டிச் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். "ரூம் பெரிசாயிடுச்சே!" என்றார்.

ஊரெல்லாம் வெள்ளை அடி, வெள்ளை அடி என்கிறது. வெள்ளைச் சுவர் எங்கே நிற்கிறது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். கறுப்பு அப்படி இல்லை. எங்கே முடிகிறதென்று கண் தேடிக்கொண்டே இருக்கும். என் பிழைப்பே அந்தத் தேடலில்தான் ஓடுகிறது.

இவன் எதற்கு இப்போது கடை விரிக்கிறான் என்று பல்லைக் கடிக்காதே. விஷயத்துக்கு வருகிறேன். முன்பு ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலை செய்தேன். ஞாபகம் தப்பிப் போனவர்கள் இருக்கும் இடம். கூடத்து வாசலில் அழகுக்காகக் கரி நிறத்தில் அகலமான கால்மிதி ஒன்று போட்டேன். அதற்கு மறுநாளிலிருந்து ஒருத்தரும் அந்த வாசலைத் தாண்டவில்லை. வருவார்கள், கிட்டே வந்ததும் நிற்பார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். என்னடா இது என்று நர்ஸைக் கேட்டேன். "சார், உங்களுக்குத்தான் அது கால்மிதி. இவங்க கண்ணுக்குப் பள்ளம்" என்றார். வயதும் அந்த நோயும் சேர்ந்தால் தரையில் கிடக்கும் கறுப்பு, குழியாகத் தெரியுமாம்.

நம் வீட்டுத் தரை வெளிர் நிறம்தானே? வாசல் கதவுக்கு உட்பக்கம், சுவருக்குச் சுவர் முட்டுகிற மாதிரி, அப்பா எட்டி வைத்தாலும் தாண்ட முடியாத அகலத்துக்குக் கறுப்பு அடித்துவிடு. டேப் ஒட்டி ஓரத்தை நேராக்கிக்கொள். முக்கியமான விஷயம், பளபளக்கிற பெயிண்ட் வாங்கிவிடாதே. விளக்கு வெளிச்சம் அதில் பட்டால் தரை என்று காட்டிக் கொடுத்துவிடும். மங்கலாக, வெளிச்சத்தை விழுங்குகிற மாதிரி இருக்க வேண்டும். பூட்டும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். மேல்வீட்டுக்காரரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

உன்னைப் பாராட்டி எழுத வேண்டி வருமென்று நான் நினைக்கவே இல்லை. சந்தோஷப்பட்டுக்கொள்.

அவர் தூங்கும்போது அடித்தேன். முழங்கால் இரண்டும் போய்விட்டது. காலையில் அப்பா வழக்கம்போல் சட்டை பட்டனையெல்லாம் தப்பாகப் போட்டுக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று கதவுக்கு வந்தார். சட்டென்று நின்றார். குனிந்தார். செருப்பு நுனியை மெல்ல நீட்டிவிட்டு, சுட்ட மாதிரி இழுத்துக்கொண்டார். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார் பார். "எவன்டா ரோட்டை வெட்டிப் போட்டது? ஒரு போர்டு வைக்க வேணாம்? ஒரு சிவப்புத் துணியாவது கட்ட வேணாம்? வண்டி நிறைய ஜனம் வருது, மனுஷங்களாடா நீங்க?" ஒரு பாட்டம் திட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு வண்டி போகாது. டிப்போவுக்குச் சொல்லிடு" என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. அப்புறம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏன் என்று கேட்காதே.

டப்பாவில் நிறைய மிச்சம் இருந்தது. போன வாரம் கேஸைத் திறந்துவிட்டு மறந்துவிட்டார் என்பதால் சமையலறை வாசலிலும் ஒரு பட்டை இழுத்தேன். பால்கனி வாசலிலும் ஒன்று. மூன்றாவது மாடி, கைப்பிடிக் கம்பி இடுப்புக்குத்தான் வருகிறது, நினைவிருக்கிறதல்லவா? மூன்று இடத்திலும் நின்று விடுகிறார். பூட்டைத் தையல்கார அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர் கடைக்கு நல்ல பூட்டு இல்லையாம்.

நேற்று வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு ஓடவில்லை. கடைத்தெருவில் ஒரு ஜோடி செருப்பைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டு, வாங்காமல் வந்தேன். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சும்மா சுற்றி.

தங்கை


மார்ச் 27

தங்கைக்கு,

"எவன்டா ரோட்டை வெட்டிப் போட்டது" என்ற வரியை என் பெயிண்டர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். இப்போது சாரத்தின் மேலிருந்து ஆளாளுக்கு அதையே கத்துகிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பட்டையோடு நிறுத்திக்கொள். கறுப்பில் கை வைத்தவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒரு சுவர் என்று ஆரம்பிப்பார்கள், அப்புறம் கதவும் கறுப்பு, கூரையும் கறுப்பு. நான் அடிக்கிற அறையில்கூட ஒரு பக்கமாவது வெளிச்சம் வருகிற மாதிரி விட்டுவைப்பேன். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். அப்பா தன் இஷ்டத்துக்கு நடமாடக் கொஞ்சமாவது இடம் வேண்டும்.

பூட்டை ஏன் கொடுத்தாய்? பெயிண்ட் என்பது பெயிண்ட்தான். அதை நம்பி ஆளை விடாதே. அவர் நன்றாகச் சாப்பிடுகிறாரா? என்னைப் பற்றிக் கேட்கிறாரா?

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைப் பற்றியும் கேட்கவில்லை. முன்பு அப்படித்தான் இருந்தது, இப்போது வேறு மாதிரி.

அவருடைய அறை வாசலிலும் அடித்துவிட்டேன். நீ வேண்டாமென்று எழுதியது தெரியும். காலையில் அவசரமாக நான் கிளம்பும்போது அவர் காலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வந்தால் என்ன செய்யச் சொல்கிறாய்? இப்போது கட்டில், நாற்காலி, உள்ளேயே குளியலறை. அவருக்கு அது போதும். வக்கீல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நடமாட இடம் வேண்டும் என்று எழுதுவது சுலபம்.

ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் இதுவரை அவர் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் கறுப்பைத் தாண்டுவேன். அன்றைக்கு ஞாபகமில்லாமல், கையில் பால் டம்ளரோடு நேராக அவர் அறைக்குள் நடந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஏய், நில்லு! பள்ளம்! பள்ளம்!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். நான் நிற்பதற்குள் நடுக் கறுப்பில் நின்றுகொண்டிருந்தேன். கீழே விழவில்லை. அவர் என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கத்தல் நின்றுவிட்டது. மெதுவாகப் பின்னால் நகர்ந்து கட்டிலின் அந்தப் பக்கம் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து என் கையால் எதையும் வாங்குவதில்லை. வைத்துவிட்டு நான் போன பிறகுதான் எடுக்கிறார். நேற்று துணிந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்பா, நான்தான்பா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மரியாதையாக, தெரியாதவர்களிடம் பேசுவதுபோலக் கேட்டார். "நீங்க யாரு? என் பொண்ணு அதுல விழுந்துட்டா. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க விழலையே. நீங்க யாரு?"



தங்கை


ஏப்ரல் 15

தங்கைக்கு,

கடிதம் கையில் கிடைத்ததும் அந்த முதியோர் இல்லத்து நர்ஸைத் தேடிப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு என்னை நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். "ஒரு வாசலுக்கு வெச்சதை நாலு பக்கமும் வெச்சிருக்கீங்க. மனுஷனைக் கிணத்து நடுவுல உட்கார வெச்ச மாதிரி இருக்கும் சார். எதுக்குப் பயந்தோம்கறது அவங்களுக்கு மறந்துடும். பயம் மறக்காது" என்றார்.

இன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிடு. சுரண்ட வேண்டியதில்லை. தரையின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வெளிர் பெயிண்ட் வாங்கி மேலேயே இரண்டு கை ஓட்டு. திரையையெல்லாம் கழற்று. பால்கனிக் கதவைத் திறந்துவை, வெளிச்சமும் காற்றும் உள்ளே வரட்டும். அவரை அங்கே நாற்காலி போட்டு உட்கார வை. பூட்டை வாங்கி வாசலில் மாட்டு. கத்தினால் கத்தட்டும். மேல்வீட்டுக்காரர் கிடக்கிறார்.

வக்கீல் வீட்டு வேலை அடுத்த மாத முதல் வாரத்தில் முடிகிறது. முடிந்த கையோடு வருகிறேன். இந்தத் தடவை சும்மா சொல்லவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணனுக்கு,

வெளிர் பெயிண்ட் வாங்கி வந்தேன். தூரிகையை நனைத்துக்கொண்டு அவர் அறை வாசலில் மண்டியும் போட்டேன். என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாலும் நினைத்துக்கொள். விடுப்பு எடுத்துக்கொண்டு பகல் முழுக்க அவரோடுதான் இருக்கிறேன், தெளிவாகத்தான் இருக்கிறேன்.

நீ எழுதியது வருவதற்கு முன்னாலேயே ஒரு சாயங்காலம் அவர் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தரையில், காலை மடக்கிக்கொண்டு. எனக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து, கறுப்புக்குள் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "சில்வண்டு... சில்வண்டு... கேக்குதாடா?"

உனக்கு ஞாபகம் இருக்காது. சின்ன வயதில் நான் ஓயாமல் கத்துவேன் என்று என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போனதும் நின்றுவிட்டது. அப்புறம் எல்லாம் "ஏய்"தான், "இந்தா"தான். உனக்குச் சைக்கிள், உனக்கு வெளியூர்ப் படிப்பு. நான் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான். அந்த வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. "இங்கதான்பா இருக்கேன்" என்று பின்னாலிருந்து சொன்னேன். அவர் திரும்பவே இல்லை. கையை மட்டும் ஆட்டி, "கொஞ்சம் சும்மா இருங்கம்மா. என் பொண்ணு பதில் சொல்றாளான்னு கேக்கறேன்" என்றார்.

மறுநாளிலிருந்து அவருக்குக் கொடுக்கும் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அதில் போட ஆரம்பித்தார். "சாப்பிடு, சில்வண்டு. எத்தனை நாளா பட்டினியோ." நான் கூட்டி எடுத்துவிடுவேன். காலையில் எழுந்து வந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டுட்டா!" என்று அவருக்கு வருகிற சந்தோஷத்தை நீ பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் நான் அதைக் குப்பையில் போடுவதில்லை. சமையலறையில் நின்றுகொண்டு தின்றுவிடுகிறேன். அது எனக்குக் கொடுத்ததுதானே.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணயர்ந்த நேரத்தில் போய்க் கறுப்பின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டேன். எழுந்து வந்தார். ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறிய மாற்றம் இருக்கிறதே! "கண்டுக்கிட்டேன்! அடிபட்டுச்சா? பயந்துட்டியா? அப்பா இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்றார். மேலே நின்றால் என்னை யாரென்று தெரியவில்லை. கீழே படுத்தால் நான் அவருடைய பெண். டிப்போவில் புதிதாக வந்த வண்டியைப் பற்றி, அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று மழையில் நனைந்ததைப் பற்றி எல்லாம் சொன்னார். அம்மாவைப் பற்றி என்னிடம் அவர் பேசியதே இல்லை அண்ணா. இருட்டும் வரை கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அதை அழித்துவிட்டால் நான் எங்கே போய்ப் படுப்பது?

வெளிர் பெயிண்ட் டப்பாவை மூடி, பரணில் போட்டுவிட்டேன்.

தங்கை


மே 2

தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. படித்த நேரத்திலிருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறேன். என் எண்ணைத்தான் தடுத்து வைத்திருக்கிறாய். என் பெயிண்டர்களின் போனையெல்லாம் வாங்கி அடித்துப் பார்த்தேன், தெரியாத எண்ணை நீ எடுப்பதில்லை. கிளினிக்குக்கு அடித்தேன், நீ விடுப்பில் இருக்கிறாய் என்றார்கள். அந்தத் தையல்கார அக்காவின் எண் என்னிடம் இல்லை. நாளைக்குத்தான் ரயில். வந்து சேர இரண்டு நாளாகும். அதற்கு முன்னால் இது கிடைத்தால் நல்லது என்று விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சைக்கிளைப் பற்றி நீ எழுதியது முழுவதும் உண்மை. வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு, கேட்டுக்கொள்கிறேன். இப்போது நான் சொல்வதை மட்டும் செய்.

இனிமேல் அந்தக் கறுப்பின் மேல் படுக்காதே. அதில் நின்று அவரைக் கூப்பிடாதே. நர்ஸிடம் மறுபடியும் போனேன். உன் கடிதத்தை அவரே வாங்கிப் படித்தார். அவர் முகம் செத்துப்போய்விட்டது. "பெயிண்ட் அடிச்ச பள்ளமும் நெஜப் பள்ளமும் அவருக்கு ஒண்ணுதான் சார். இத்தனை நாளா அவரைக் காப்பாத்தினதே அந்தப் பயம்தான். பள்ளத்துல என் பொண்ணு சௌக்கியமா இருக்கான்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் அவர் எந்தப் பள்ளத்துக்குப் பயப்படுவார்?" என்று கேட்டார்.

பால்கனிக் கதவைத் திறந்துவை என்று நான்தான் எழுதினேன். முட்டாள்தனமாக எழுதிவிட்டேன். அப்போது எனக்கு இது தெரியாது. அதைச் சாத்து. சாத்திப் பூட்டு. பூட்டு இல்லாவிட்டால் பீரோவை நகர்த்திக் குறுக்கே போடு. அவர் கத்தட்டும், அழட்டும், கதவை உடைக்கட்டும். நான் வரும் வரை பக்கத்திலேயே இரு. ஒரு நிமிஷம்கூட விட்டுவிட்டுப் போகாதே.

உன் கால்களில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


மே 3

அண்ணா,

உன் அடுத்த கடிதம் வரும் வரை காத்திருக்க மனம் இல்லை. எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது. அப்பா பள்ளத்தைத் தாண்டிவிட்டார்!

நேற்று நான் படுத்துக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "எவ்வளவு நாள்தான் நீ கீழயே கிடப்ப? நானே வர்றேன்" என்றார். போர்வையின் ஒரு நுனியைக் கட்டில் காலில் முடிந்துவிட்டு, மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டார். கிணற்றில் இறங்குகிறவர் மாதிரி திரும்பி உட்கார்ந்து ஒரு காலை விட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சில்வண்டு, இருக்கியா?" என்றார். "இருக்கேன்பா, வாங்க" என்றேன். அடுத்த காலையும் விட்டுவிட்டார்.

கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார். "அட, முழங்கால் ஆழம்கூட இல்ல! இதுக்கா இத்தனை நாளா பயந்துக்கிட்டுக் கிடந்தேன்?" என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார். உட்கார்ந்த நிலையிலேயே என் கையால் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார். எழுந்து நின்ற பிறகும் என்னை அவருக்குத் தெரிந்தது அண்ணா. என் கையைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்க நடந்தார்.

உன் நர்ஸ் சொன்னது தப்பு. பயம் மறந்துபோகிறது. இன்று சமையலறைப் பட்டையைத் தாண்டினார், பால்கனிப் பட்டையையும் தாண்டினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நின்று, "இருக்கியா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். "இருக்கேன்பா, வாங்க" என்பேன். உடனே காலை வைத்துவிடுவார். வேறு எதுவும் வேண்டாம் அவருக்கு.

சாயங்காலம் பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பின்பக்க முற்றத்துக்குப் போன வாரம் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள், மேலிருந்து பார்த்தால் கன்னங்கரேலென்று கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "சில்வண்டு, அங்கயும் இருக்கியா?" என்றார். இத்தனை வருஷம் கழித்து என்னைத் தேடுகிற மனிதரிடம் இல்லையென்று எப்படிச் சொல்வது? "அங்கயும் இருக்கேன்பா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்.

இன்றோடு என் விடுப்பு முடிகிறது. காலையில் கிளினிக்குக்குப் போக வேண்டும். பட்டையைத்தான் தாண்டிவிடுகிறாரே, அதனால் தையல்கார அக்காவிடம் பூட்டைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். வாசல் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போவேன், கவலைப்படாதே. அவர் அடைபட்ட மாதிரி நினைத்துக் கத்தக் கூடாதே என்று, நீ எழுதினபடியே பால்கனிக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன். நாற்காலியையும் கம்பி ஓரமாகப் போட்டுவிட்டேன். அங்கேதான் நிழல்.

நீ வேலையை முடித்துக்கொண்டு நிதானமாகவே வா. இனி அவசரம் ஒன்றும் இல்லை.

தங்கை